கஞ்சிராவில் தொடங்கி வீணையில் முடிந்தவர்: எஸ். பாலசந்தரின் இசை வாழ்க்கை, ஒரு நிகழ்வு ஆய்வு

என் அக்கா மகனுக்கு 14 வயது. கீபோர்டு வாசிப்பான், பள்ளியில் கஹோன் என்ற பெட்டி மேளம் தட்டுவான், போன வருடம் அடம்பிடித்து யுகுலேலே வாங்கிக்கொண்டான். இப்போது புல்லாங்குழல் வேண்டுமாம். அக்காவுக்குக் கவலை. "எதிலயும் நிக்க மாட்டேங்கறானே. ஒண்ணையாவது உருப்படியாக் கத்துக்கோன்னு நீ சொன்னாக் கேப்பான்" என்று என்னிடம் வந்தாள். நான் மயிலாப்பூரில் 11 வருடம் வீணை கற்றவள். அந்தப் புத்திமதியைச் சொல்லத் தகுதியுள்ள ஆள் என்று நினைத்திருக்கிறாள். சொல்லத்தான் வாயெடுத்தேன், வரவில்லை. எஸ். பாலசந்தர் குறுக்கே வந்துவிட்டார்.

இயக்குநர் கே. பாலசந்தர் வேறு. நான் சொல்வது வீணை பாலசந்தரை. 1927 ஜனவரி 18-ஆம் தேதி சென்னையில் பிறந்தவர். ஆறேழு வயதில் கஞ்சிரா. அப்புறம் தபலா, மிருதங்கம், ஹார்மோனியம், புல்புல் தாரா, தில்ருபா, ஷெனாய், சிதார். இவை போதாதென்று சதுரங்கம் வேறு. அதிலும் சிறு வயதிலேயே கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கினார். பின்னால் நடிகர், இசையமைப்பாளர், இயக்குநர், தயாரிப்பாளர். கடைசியில் வீணை. 1982-இல் பத்மபூஷண் வந்தபோது நாட்டின் முதல் வரிசை வீணைக் கலைஞர்களில் ஒருவராக இருந்தார். இந்த வாத்தியங்களில் எதையும் குரு முன் உட்கார்ந்து முறையாகப் பாடம் கேட்டு அவர் கற்கவில்லை.

ஆக, இந்த ஆய்வில் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். இத்தனை வாத்தியங்களுக்கு நடுவே அலைந்த காலம் அவருக்கு விரயமா, முதலீடா? அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் "எட்டு வாத்தியம் தெரியும், அப்புறம் அதையெல்லாம் விட்டுவிட்டு வீணைக்கு வந்தார்" என்று ஒரே வரியில் கடந்துபோவார்கள். அவர் எதையும் விடவில்லை என்பது என் எண்ணம். விட்டதாகச் சொல்லப்படும் ஒவ்வொரு வாத்தியமும் அவருடைய வீணை வாசிப்பில் காதுக்குக் கேட்கிறது.

வீடு

அப்பா சுந்தரம் ஐயர் வக்கீல், இசைப் பித்தர். அண்ணன் எஸ். ராஜம், அக்கா எஸ். ஜெயலட்சுமி. 1934-இல் வெளியான 'சீதா கல்யாணம்' படத்தில் இந்தக் குடும்பமே நடித்தது. பிரபாத் நிறுவனத்துக்காக மராட்டியப் பகுதியில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படம் அது. ராஜம் ராமர், ஜெயலட்சுமி சீதை, அப்பா ஜனகர். கூடப் பிறந்தவர்கள் ராமனும் சீதையுமாக நடித்ததை அன்றைக்குப் பலர் முகம் சுளித்துப் பேசினார்கள். அந்தப் படத்தில் ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் குட்டிப் பையன்தான் பாலசந்தர். பாபநாசம் சிவன் சினிமாவுக்கு இசையமைப்பாளராக வந்ததும் அதே படத்தில்தான்.

ராஜத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாபநாசம் சிவனிடமும் அம்பி தீட்சிதரிடமும் முறையாகப் பாடம் கேட்டவர் அவர். மேளகர்த்தா என்னும் 72 தாய் ராகங்களிலும் கோடீஸ்வர ஐயர் இயற்றிய தமிழ்க் கிருதிகளை வாழ்நாள் முழுக்கப் பாடிப் பரப்பினார். ஓவியராகவும் பெரியவர். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரையும் நினைத்தால் நம் மனத்தில் வரும் முகங்கள் பெரும்பாலும் ராஜம் வரைந்தவைதான்.

ஏன் சொல்கிறேன் என்றால், "குருவே இல்லாமல் கற்றவர்" என்று பாலசந்தரைப் புகழும்போது அவர் வளர்ந்த வீட்டை மறந்துவிடுகிறோம். கேள்வி ஞானம் என்று தமிழில் ஒரு அருமையான சொல் இருக்கிறது. கேட்டுக் கேட்டே வரும் அறிவு. அது எல்லா வீட்டிலும் வந்துவிடாது. பக்கத்து அறையில் அண்ணனுக்குப் பெரிய வித்வான் பாடம் நடத்துகிறார், தம்பி இந்தப் பக்கம் ஹார்மோனியத்தைக் குடைந்துகொண்டிருக்கிறான் என்றால், அந்தத் தம்பிக்குப் பாடமே நடக்கவில்லை என்று சொல்ல முடியுமா? எழுதிக்கொடுத்துத் திருத்த ஆள் இல்லை, அவ்வளவுதான். பின்னாளில் 72 மேளகர்த்தா ராகங்களையும் வீணையில் வாசித்து ஒலித்தட்டுத் தொகுதியாகக் கொடுத்தார் பாலசந்தர். அண்ணன் பாடிய அதே 72. அந்த எண் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தாலே வீட்டின் பங்கு தெரிந்துவிடும்.

ஒவ்வொரு வாத்தியத்திலும் ஒரு குறை

இந்தப் பகுதியில்தான் நான் கொஞ்சம் நின்று பேசப்போகிறேன். வாத்தியங்களின் பெயர்களை வரிசையாக அடுக்கிவிட்டால் பெருமையாகத்தான் இருக்கும், அதனால் ஒன்றும் விளங்காது. ஒவ்வொன்றும் கைக்கு என்ன கற்றுக்கொடுக்கும் என்று பார்க்க வேண்டும்.

கஞ்சிரா பலா மரச் சட்டத்தில் உடும்புத் தோல் கட்டிய சின்ன வாத்தியம். வலது கை தட்டும். இடது கை சட்டத்தைப் பிடித்தபடியே விரலால் தோலை அழுத்தும். அழுத்த அழுத்தச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். 'கும்' என்று ஒலி வழுக்கிக்கொண்டு போவது இப்படித்தான். தபலாவின் இடது முகத்திலும் மணிக்கட்டை வைத்துத் தேய்த்து இதையே செய்வார்கள். ஆக, ஆறேழு வயதிலேயே அந்தப் பையனின் கைக்கு ஒரு விஷயம் பழகிவிட்டது: அடித்த பிறகும் ஒலி நம் வசத்தில்தான் இருக்கிறது, அதை வளைக்கலாம். ஆனால் கஞ்சிராவில் ஒலி நிற்காது. வளைப்பதற்குள் செத்துப்போகும்.

ஹார்மோனியம் இதற்கு நேர் எதிர். காற்று இருக்கும்வரை ஒலி நிற்கும், ஆனால் வளையாது. ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குத் தாவத்தான் முடியும், வழுக்க முடியாது. கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் தரும் நெளிவு, கேட்கிற சங்கீதத்துக்கு இது போதாது என்ற வாதத்தின் பேரில்தான் அகில இந்திய வானொலி 1940-இல் ஹார்மோனியத்தைத் தடை செய்தது. அந்தத் தடை 1971 வரை நீடித்தது. புல்புல் தாரா இரண்டு வகையிலும் ஏழை. கட்டையை அழுத்தித் தந்தியைத் தட்டினால் ஒலி கணீரென்று வரும், ஆனால் நிற்கவும் நிற்காது, அந்தக் கட்டைகளால் வளையவும் வளையாது. வேகம் ஒன்றுதான் அதன் சொத்து.

தில்ருபா வில் போட்டு வாசிப்பது. ஒலி நிற்கும், வழுக்கவும் வழுக்கும். ஷெனாயும் அப்படியே, மூச்சு உள்ளவரை. மனிதக் குரலுக்கு மிக அருகில் இருப்பவை இந்த இரண்டும்தான். அப்புறம் சிதார். மீட்டியதும் ஒலி தேய ஆரம்பித்துவிடும். ஆனால் அகலமான தண்டும் வளைந்த மெட்டுகளும் (தந்தியை அழுத்தும் குறுக்குக் கம்பிகள்) இருப்பதால், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் நான்கைந்து ஸ்வரம் வரை ஏற முடியும். அதை அங்கே மீண்டு என்பார்கள்.

இப்படி வரிசைப்படுத்திப் பார்த்தால் எனக்கு ஒரு தேடல் தெரிகிறது. ஒலி நிற்கவும் வேண்டும், வளையவும் வேண்டும். ஒவ்வொரு வாத்தியமும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை மறுத்தது. சிறுவன் பாலசந்தர் இதையெல்லாம் யோசித்துத் திட்டம் போட்டு மாறினார் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைகள் அப்படி மாறுவதில்லை. கை எதற்கோ தவிக்கும், கிடைக்காவிட்டால் அடுத்ததை எடுக்கும். அந்தத் தவிப்பு எதற்கு என்று பின்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் புலப்படும்.

பதினைந்து வயது வாக்கில், 1940களின் தொடக்கத்தில், சென்னை வானொலி நிலையத்தில் கலைஞராகச் சேர்ந்தார். 1938-இல் எழும்பூரில் தொடங்கிய நிலையம் அது. நிலைய வித்வான் என்றால் இன்று இந்த வாத்தியம், நாளை அந்த வாத்தியம், யார் பாடினாலும் கூடச் சேர்ந்து வாசிக்க வேண்டும். பல வாத்தியம் தெரிந்த பையனுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. இன்னொன்றும் அங்கே கிடைத்திருக்கும்: மைக் முன்னால் உட்கார்ந்து வாசிக்கும் பழக்கம். ஒலி தேய்ந்துகொண்டே போய் அடங்கும் அந்தக் கடைசி நூலையும் மைக் பிடித்துவிடும் என்று வானொலிக் கலைஞருக்குத் தெரியும், பெரிய மண்டபத்தில் மட்டும் வாசித்தவருக்குத் தெரியாது. இது என் ஊகம்தான். ஆனால் அவருடைய வீணையைக் கேட்கும்போதெல்லாம் இந்த ஊகம் வலுத்துக்கொண்டே வருகிறது.

வீணையில் என்ன செய்தார்

தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள். தேன்மெழுகோடு கரி சேர்த்த கறுப்பு மெழுகில் அவற்றைப் பதிப்பார்கள். இதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். வாசிக்க நான்கு தந்திகள், தாளத்துக்குப் பக்கவாட்டில் மூன்று. முதல் தந்தியான சாரணியில்தான் பெரும்பாலான வேலை நடக்கும்.

நான் கற்ற முறையில் ஒரு ஸ்வரத்துக்கு அழகு சேர்க்க அந்த மெட்டிலேயே தந்தியைக் கொஞ்சம் இழுப்போம், அசைப்போம், பக்கத்து மெட்டுக்கு வழுக்குவோம். இரண்டு ஸ்வரம், மிஞ்சினால் மூன்று ஸ்வரம் அளவுக்கு இழுப்பு. அதற்கு மேல் வேண்டுமானால் விரலை நகர்த்தி, வேறு மெட்டில் வைத்து, மறுபடி மீட்டு. பாலசந்தர் இந்தக் கணக்கை மாற்றினார். ஒரு மெட்டில் விரலை ஊன்றி, ஒரே ஒரு மீட்டுப் போட்டு, தந்தியை இழுத்து இழுத்து அந்த ஒரு மீட்டிலேயே ஒரு முழுச் சொற்றொடரை முடித்தார். மேலே போய், அங்கே அசைந்து, பாதி வழி இறங்கி, மறுபடி ஏறி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். அத்தனைக்கும் வலது கை சும்மா இருக்கும். தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையில் இதைக் கேட்கும்போது யாரோ பாடுவது போலவே இருக்கும். பாடகர் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் புதிதாக மூச்சு எடுப்பதில்லை அல்லவா, அதைப் போல.

இதைச் செய்துபார்த்தவர்களுக்குத்தான் இதன் கஷ்டம் தெரியும். இழுக்க இழுக்கத் தந்தியின் விறைப்பு கூடும், விரல் நுனியை அறுக்கும். எந்த இழுப்பில் எந்த ஸ்வரம் வரும் என்று காட்ட மெட்டு இல்லை. காதை மட்டுமே நம்பி, அந்தரத்தில் சுருதியைப் பிடிக்க வேண்டும். கூடவே ஒலி வேறு தேய்ந்துகொண்டே வரும், அது அடங்குவதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க வேண்டும். நான் ஒருமுறை வகுப்பில் அவருடைய தோடி ராக ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு வந்த உற்சாகத்தில் அதன் காந்தாரத்தை ('க' ஸ்வரத்தை) அப்படி இழுத்துப் பார்த்தேன். சாரணி அறுந்து கையில் சுளீரென்று அடித்தது. எனக்கு வீணை சொல்லிக்கொடுத்த மாமி கோபிக்கவில்லை. "அந்த மனுஷர் சிதார்லேர்ந்து வந்தவர், கண்ணா. அந்தக் கை வேற. நீ முதல்ல வர்ணத்தை ஒழுங்கா வாசி" என்று சொல்லிப் புதுத் தந்தி மாட்டிக் கொடுத்தார்.

மாமி சொன்ன அந்த வார்த்தையில் பாதி உண்மை இருக்கிறது. இழுப்பு சிதாரிலிருந்து வந்தது என்று அன்றைக்கே பலர் சொன்னார்கள், அதைக் குறையாகவும் சொன்னார்கள். ஆனால் சிதாரின் இழுப்பு மட்டும் இருந்திருந்தால் அவர் வீணையில் சிதார் வாசித்திருப்பார். அவர் வாசித்தது கர்நாடக ராகம், அதன் கமகங்களோடு. தோடியின் காந்தாரம் எங்கே அசைய வேண்டுமோ அங்கேதான் அசைகிறது. ஒரு ஸ்வரம் பாட்டுக்காரரின் தொண்டையில் எவ்வளவு நேரம் நிற்குமோ அவ்வளவு நேரம் நிற்கிறது, அது தில்ருபாவும் ஷெனாயும் கொடுத்த காது. அடித்த பிறகு ஒலியை வளைக்கும் துணிச்சல் கஞ்சிராவின் இடது கையில் இருந்து வந்தது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம், ஆனால் எனக்கு அப்படித்தான் கேட்கிறது. மாமி சொன்னதில் மீதிப் பாதி இதுதான்.

இன்றைக்குக் கலப்பிசை என்றால் மேடையில் ஒரு டிரம்ஸ், ஒரு பேஸ் கிட்டார், நடுவில் ஒரு வயலின் என்று நினைக்கிறோம். சென்னையில் அதில் அருமையானவர்கள் இருக்கிறார்கள், நான் குறைசொல்லவில்லை. பாலசந்தர் கலந்த இடம் வேறு. மேடையைப் பார்த்தால் வீணை, மிருதங்கம், ராகம், கீர்த்தனை, எல்லாம் மரபுப்படி இருக்கும். கலப்பு நடந்ததெல்லாம் கையில்.

வீணை தனம்மாளை நினைத்துக்கொள்கிறேன். 1938-இல் மறைந்தவர். ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு சிறிய கூட்டத்துக்கு, ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில், மெல்லிய நக மீட்டலில் வாசித்தவர். அந்த நுணுக்கத்துக்குச் சின்ன அறை வேண்டியிருந்தது. பாலசந்தர் அதே மெல்லிய ஒலியின் வால் பகுதியை மைக் வழியாக ஆயிரம் பேருக்குக் கொண்டுபோனார். தேய்ந்துவரும் ஒலியில் மூன்றாவது, நான்காவது ஸ்வரத்தை இழுத்துக் காட்டுவது மைக் இல்லாமல் பெரிய மண்டபத்தில் எடுபட்டிருக்காது. வானொலியும் ஒலித்தட்டும் வந்த காலத்தின் வீணை அது. 1960களில் ரவிசங்கரின் சிதாரைத் தட்டாக்கிய அதே அமெரிக்க நிறுவனம், வேர்ல்ட் பசிபிக், பாலசந்தரின் வீணையையும் வெளியிட்டது.

கோடம்பாக்கம்

1948-இல், 21 வயதில், 'என் கணவர்' படத்தை இயக்கினார். நாயகனும் அவரே, இசையும் அவரே. அதே ஆண்டில் வந்த 'இது நிஜமா'விலும் நடிப்பும் இசையும் அவருடையவை. 1951-இல் 'கைதி'. அப்புறம் 1954 ஏப்ரல் 13-ஆம் தேதி, ஏவி.எம். தயாரிப்பில் 'அந்த நாள்'.

இந்தப் படத்தைப் பற்றிச் சினிமாக்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். 1943-இல் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட நாளை ஒட்டிக் கதை. ஒரு வானொலிப் பொறியாளர் கொலை செய்யப்படுகிறார். சிவாஜி கணேசன் அந்தப் பாத்திரம். சந்தேகத்துக்கு உள்ளானவர்கள் ஒவ்வொருவரும் தம் தம் கோணத்தில் நடந்ததைச் சொல்கிறார்கள். நாயகனே தேசத்துரோகி. ஜாவர் சீதாராமன் வசனம். படத்தில் பாட்டே கிடையாது, நடனமும் கிடையாது. பாட்டில்லாத முதல் தமிழ்ப் பேசும்படம்.

எனக்கு இதில் ஆச்சரியமே, இதைச் செய்தவர் ஓர் இசைக்காரர் என்பதுதான். அந்தக் காலத்தில் ஒரு படத்தில் நிறையப் பாட்டு இருப்பது சாதாரணம். ஜி.என். பாலசுப்பிரமணியம், எம்.எஸ். சுப்புலட்சுமி, தண்டபாணி தேசிகர் என்ற கச்சேரிப் பாடகர்கள் எல்லாரும் சினிமாவுக்கு வந்தது பாட்டுக்காகத்தான். குரலைக் கொடுத்தார்கள், பிறகு கச்சேரி மேடைக்கே திரும்பினார்கள். எட்டு வாத்தியம் தெரிந்த பாலசந்தருக்கு ஒரு படம் கிடைக்கிறது, அதில் பாட்டே வேண்டாம் என்கிறார். கதை துப்பறிதல், பாட்டு வந்தால் பிடி தளர்ந்துவிடும். பாட்டு எங்கே கூடாது என்று பாட்டு நன்றாகத் தெரிந்தவருக்குத்தான் தைரியமாகச் சொல்ல வரும். அவருடைய வீணை ஆலாபனையில் வலது கை சும்மா இருக்கும் அந்த நேரங்கள் எனக்கு இந்தப் படத்தைத்தான் நினைவுபடுத்தும். தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, ஒரு தட்டுக்குப் பிறகு வருவதைக் கேட்கவிடலாம் என்ற நம்பிக்கை இரண்டிலும் ஒன்றுதான்.

அதற்குப் பிறகும் படங்கள் எடுத்தார். சொந்தத் தயாரிப்பில் 'அவனா இவன்' (1962), 'பொம்மை' (1964), கடைசியாக 1970-இல் வெளிவந்த 'நடு இரவில்'. எல்லாம் மர்மக் கதைகள். 'பொம்மை'க்கு இசையும் அவர்தான். "நீயும் பொம்மை நானும் பொம்மை" என்று ஜேசுதாஸ் தமிழில் பாடிய தொடக்ககாலப் பாடல்களில் ஒன்று அதில்தான் இருக்கிறது. ஆனால் சினிமா இசையமைப்பாளராக அவர் பெரிய அளவில் போகவில்லை. அந்த வரிசையில் அவரை யாரும் வைப்பதில்லை, வைக்கவும் வேண்டியதில்லை. 43 வயதோடு சினிமாவை மூட்டைகட்டி வைத்துவிட்டு, மீதி 20 ஆண்டுகளும் வீணைதான்.

சிட்டிபாபுவை வைத்துப் பார்த்தால்

ஒருவரை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது தப்பு. அதே ஊரில், அதே காலத்தில், அதே வாத்தியத்தில் இன்னொரு பெரிய கலைஞர் இருந்தார்: சிட்டிபாபு. 1936-இல் காகிநாடாவில் பிறந்தவர். ஈமனி சங்கர சாஸ்திரியிடம் முறையாகக் குருகுல வழியில் கற்றவர். அவரும் சினிமாவோடு தொடர்புள்ளவர்தான். ஸ்டுடியோ இசைக்குழுக்களில் வீணை வாசித்தார், 1964-இல் வந்த 'கலைக்கோயில்' படத்தில் ஒலிப்பது அவருடைய வீணை. வீணையில் குயிலைக் கூவ வைத்து மக்களைக் கட்டிப்போட்டவர்.

சிட்டிபாபு ஒரே வாத்தியத்தில் நின்று, குருவிடம் கற்று, பிறகு வீணையை வெளியே அழைத்துப்போனார். பறவைக் குரல், சினிமா, மெல்லிசை என்று எங்கெல்லாமோ. பாலசந்தர் வெளியே எல்லாம் சுற்றிவிட்டு, கிடைத்ததை எல்லாம் வீணைக்குள் கொண்டுவந்தார். இரண்டு வழியிலும் ஊர் போய்ச் சேரலாம் என்பதற்கு இந்த இரண்டு பேரே போதும். ஆக, அலைந்தால்தான் கலைஞன் ஆகலாம் என்று இந்த ஆய்விலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அலைந்தாலும் ஆகலாம், அவ்வளவே இதிலிருந்து கிடைப்பது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஒலியின் தன்மையில் சிட்டிபாபு இனிமையைத் தேடினார், பாலசந்தர் ஆழத்தைத் தேடினார். எனக்குப் பிடித்தவர் யார் என்பதை இதுவரை படித்தவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள்.

கொடுத்த விலை

குரு இல்லாமல் வந்தவருக்கு முன்னால் குரு வழியாக வரும் பாடாந்தரம் இல்லை, பின்னால் ஒரு பரம்பரையும் பெரிதாக அமையவில்லை. காரைக்குடி பாணி என்றால் இன்றைக்கும் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. பாலசந்தர் பாணி என்று ஒரு பெயர் இருக்கிறது, அதைப் பின்பற்றுகிறவர்களும் சிலர் இருக்கிறார்கள். ஆனால் பாடத்திட்டமாக அது நிற்கவில்லை. எப்படி நிற்கும்? வீணைக்கு வருவதற்கு முன் சிதாரும் தில்ருபாவும் கஞ்சிராவும் கைக்குள் போயிருக்க வேண்டுமே. அவர் சேர்த்த விதத்தை இன்னொருவருக்குப் பாடமாக எழுதிக்கொடுக்க முடியாது. எங்கள் மாமியிடம் நான் அந்தப் பாணியைக் கேட்டபோது அவர் மறுத்தது கறாருக்காக அல்ல. அந்தப் படிகள் மாமிக்கே தெரியாது, ஏனென்றால் படிகள் என்று ஒன்று இல்லவே இல்லை.

அமைப்புகளோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. 1980களில் இரண்டு பெரிய சர்ச்சைகளைக் கிளப்பினார். ஒன்று, பாடகர் பாலமுரளிகிருஷ்ணா சில ராகங்களைத் தாம் உருவாக்கியதாகச் சொன்னதை எதிர்த்து. இன்னொன்று, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் கிருதிகளை இயற்றியவர் உண்மையில் யார் என்று கேட்டு. அவர் சொன்னது சரியா தவறா என்ற விவாதம் இங்கே வேண்டாம், அது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஆனால் அந்தச் சண்டைகளுக்காக அவர் செலவிட்ட நேரத்தை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. இன்னும் சில நூறு மணி நேரம் வீணை வாசித்திருக்கலாம். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கிடைக்கவில்லை.

கற்றுக்கொடுத்தவர் என்று ஒருவர் இருந்திருந்தால் இந்த இடங்களில் "விட்டுடுடா" என்று சொல்லியிருப்பாரோ என்று தோன்றும். குரு இல்லாதவருக்கு அடக்கிச் சொல்ல ஆளும் இல்லை. இது அவருடைய சுதந்திரத்தோடு சேர்ந்தே வந்தது, தனியாகப் பிரித்தெடுக்க முடியாது.

1990-இல் கச்சேரிக்காகப் போன இடத்தில், பிலாயில், காலமானார். 63 வயது. தேதி ஏப்ரல் 13. 'அந்த நாள்' வெளியான அதே தேதி.

அக்கா வீட்டில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டில், பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓர் ஆலாபனையைப் போட்டேன். யார், என்ன வாத்தியம், எதுவும் சொல்லவில்லை. முதல் இரண்டு நிமிடம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நீண்ட இழுப்பு வந்தது. நிமிர்ந்தான். "சித்தி, அது ஒரே அடிதானே? ஒரு அடியில எப்படி இவ்வளவு தூரம் போச்சு?" என்றான். திரும்பப் போடச் சொன்னான். எத்தனை ஸ்வரம் என்று விரல் விட்டு எண்ணினான். எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் மாறியது, எனக்கும்தான்.

அக்காவிடம் புல்லாங்குழல் வாங்கிக் கொடுக்கலாம் என்றேன். அவள் என்னை முறைத்தாள். சரி, ஒரே ஒரு நிபந்தனை போடலாம் என்று அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்: "கீபோர்டுல என்ன வரலைன்னு இப்ப குழலுக்குப் போறே? அதைச் சொன்னா வாங்கலாம்."

கொஞ்ச நேரம் யோசித்தான். "ஸாவிலேர்ந்து ரிக்கு வழுக்கிண்டு போக முடியலை சித்தி. நடுவுல இருக்கறது எதுவுமே அதுல கிடையாது" என்றான்.

மறுநாள் சாயங்காலம் மூன்று பேருமாகக் கடைக்குப் போய் வாங்கிவந்தோம்.